'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் 'கெட்' என்று காதில் விழுந்தால் அதற்குப் பொருள் தேடாதீர்கள், அடுத்த சொல்லைப் பிடியுங்கள். அது ஒரு பொருளாக இருந்தால் 'வாங்கு', 'கிடை': கெட் எ டோக்கன். இடமாக இருந்தால் 'போய்ச் சேர்': கெட் டு காட்பாடி. நிலையைச் சொல்வதாக இருந்தால் 'ஆகு': கெட் வெல், குணமாகுங்கள்.

இந்த வினை சொல்வது ஒன்றுதான்: முன்பு இல்லாதது இப்போது வந்து சேர்கிறது. வந்தது பொருளா, இடமா, நிலையா என்பதை அடுத்த சொல்தான் காட்டும். அகராதியில் இருக்கும் அத்தனை பொருளையும் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

வேலூரில் மருத்துவமனைப் பக்கம் லாட்ஜிலோ மருந்துக் கடையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்பவே கைகொடுக்கும். கொல்கத்தாவிலிருந்து வந்தவர் 'ஐ ஆம் கெட்டிங் டிஸ்ஸி' என்றால் அவர் எதையும் கேட்கவில்லை. தலை சுற்றுகிறது என்கிறார். முதலில் உட்கார வையுங்கள், பிறகு தண்ணீர் கொடுங்கள்.

பின்னால் அப், ஓவர், அலாங் போன்ற சிறு சொல் ஒட்டிவந்தால் இந்த வழி உதவாது. கெட் அப் என்றால் எழுந்திரு, கெட் அலாங் என்றால் ஒத்துப்போ. இவற்றை முழுசாகத்தான் படிக்க வேண்டும். 'கெட்'டின் இறந்தகால வடிவம் 'காட்'. 'ஐ ஹேவ் காட் ஃபீவர்' என்பதில் 'எனக்குக் காய்ச்சல் இருக்கிறது' என்பதுதான் பொருள். 'காட் இட்' என்றால் பெரும்பாலும் 'புரிந்தது'. பஸ்ஸிலிருந்து இறங்க நாம் சொல்லும் 'கெட் டவுன்' இந்தியாவில் எல்லோருக்கும் புரியும்; வெளிநாட்டவரிடம் 'கெட் ஆஃப்' என்று சொல்லுங்கள்.