ஐம்பது வயதில் மரச்செக்கு போடுவதென்றால்

இருபத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியவர் செக்கு எண்ணெய்த் தொழிலில் இறங்கினால் முதலில் செய்வது இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நிலக்கடலைப் பருப்பையோ எள்ளையோ வாங்கிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி எண்ணெய் ஆட்டித் தரும் செக்குகள் பல ஊர்களில் இருக்கின்றன. ஆறு மாதம் அங்கே ஆட்டி, உங்கள் பெயரில் விற்றுப் பாருங்கள். மாதம் 100 லிட்டராவது சொந்தபந்தத்தைத் தாண்டிப் போகிறதா, ஒருமுறை வாங்கியவர் திரும்ப வருகிறாரா என்று தெரிந்த பிறகு செக்கைப் பற்றி யோசிக்கலாம்.

ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் மருத்துவக் காப்பீட்டைக் கவனியுங்கள். அலுவலகத்தின் குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர் புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் போடலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஓய்வுப் பணத்தில் ஒன்றரை வருட வீட்டுச் செலவைத் தனி வைப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தில் பாதிக்கு மேல் தொழிலில் இறக்காதீர்கள். முப்பது வயதில் விட்டதைப் பிடிக்க வருடங்கள் இருக்கும், இப்போது அந்த வசதி குறைவு.

இனி கணக்கு. செக்கில் ஒரு ஈடு, அதாவது ஒரு தடவை போட்டு ஆட்டுவது, 20 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,400. நல்ல பருப்பானால் 8 லிட்டர் எண்ணெயும் ஏறக்குறைய 12 கிலோ புண்ணாக்கும் வரும். புண்ணாக்கு கிலோ 45 என்றால் 540 கழியும். எண்ணெயின் அடக்கம் லிட்டருக்கு 232 ரூபாய் சொச்சம். இதன்மேல் மின்சாரம், ஆள் கூலி, பாட்டில், லேபிள், வாடகை, கடைக்காரர் கமிஷன் எல்லாம் சேரும். அதே பருப்பு 7 லிட்டர்தான் விட்டால், ஒரு கிலோ புண்ணாக்கு கூடினாலும் அடக்கம் 259 ஆகிவிடும். லிட்டருக்கு 27 ரூபாய் அங்கேயே போயிற்று. விற்பனை நன்றாக நடந்தும் செக்கு நஷ்டத்தில் ஓடுவது பெரும்பாலும் இந்த ஒரு லிட்டரால்தான். ஒவ்வொரு ஈட்டுக்கும் பருப்பு, எண்ணெய், புண்ணாக்கு எடையை நோட்டில் எழுதுங்கள்.

எண்ணெய் குறைவதற்குப் பாதிக் காரணம் ஈரம். காய்ந்த பருப்பு இரண்டாக உடைக்கும்போது சத்தம் கேட்கும், தோல் விரலில் தேய்த்தால் உதிரும். வளைந்து மெதுவாக உடைந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் சிக்கல்தான். செக்கில் மாவாகி எண்ணெய் பிரியாமல் நிற்கும், அப்போது கைத்தண்ணீர் தெளிப்பார்கள். எள்ளுக்கு அந்த வேலையைக் கருப்பட்டி செய்கிறது, 20 கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. கருத்த, பூஞ்சை பிடித்த பருப்பைக் கையால் பொறுக்கி எறியுங்கள். ஆலையில் சுத்திகரிக்கும்போது பூஞ்சை நச்சு பெருமளவு நீங்கும், செக்கு எண்ணெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. ஈரோடு மாவட்டத்தில் எள்ளுக்குச் சிவகிரி, கொப்பரைக்கு அவல்பூந்துறை, பெருந்துறை என்று ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலங்கள் நடக்கின்றன. வாங்காவிட்டாலும் இரண்டு முறை போய் நின்று பார்த்தால் தரமும் விலையும் கண்ணுக்குப் பழகும்.

ஆட்டிய எண்ணெயை அன்றே பாட்டிலில் அடைக்கக் கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தில் துணி கட்டி நான்கைந்து நாள் தெளிய விட்டு, மண்டி கலங்காமல் மேலாக எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் நாளாகும். மண்டியோடு போன பாட்டில் சில வாரத்தில் காறல் அடிக்கும், அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவு இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். இதற்குப் பணம் கேட்பவர் தரகர். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இல்லாமல் விற்பனையைத் தொடங்காதீர்கள், கூலிக்கு ஆட்டி விற்றாலும் அது வேண்டும். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பது சட்டப்படி கூடாது. பாட்டிலில் அடைத்து, தயாரித்த நாள், பேட்ச் எண், உரிம எண், விலை, அளவு அச்சிட வேண்டும். லிட்டரோடு எடையையும் போடுங்கள். ஒரு லிட்டர் கடலெண்ணெய் சுமார் 910 கிராம் நிற்கும். லிட்டரும் கிலோவும் ஒன்றென்று நினைக்கும் வாடிக்கையாளரோடு வாக்குவாதத்தைத் தவிர்க்கலாம். மின் இணைப்பை வணிக வகையில் கேட்காமல் தொழில் வகையில் கேளுங்கள், யூனிட் விலை வேறு.

மானியத்தோடு கடன் வேண்டுமானால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (PMEGP) உச்ச வயது வரம்பு இல்லை. மாநிலத் திட்டங்கள் சிலவற்றில் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் நடப்பு விதியைக் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே ஓடும் நிறுவனத்துக்குப் பிரதமரின் திட்டத்தில் புதுத் தொழிலுக்கான மானியம் கிடையாது, எனவே கூலிக்கு ஆட்டிப் பார்க்கும் காலத்தில் உத்யம் பதிவும் பில்லும் யார் பெயரில் என்பதை முன்கூட்டியே மையத்தில் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். மானியம் கையில் வராது. வங்கியில் 3 ஆண்டு முடங்கியிருந்து பிறகு கடனில் கழியும், அதுவரை தவணையைக் கட்டும் தெம்பு வேண்டும்.

கடைகளுக்குக் கடனுக்குச் சரக்குப் போடும் ஆசை இரண்டாம் மாதமே வரும். முதல் வருடம் ஒரு கடைக்கு ஒரு பெட்டி, பழைய பாக்கி வந்த பிறகு அடுத்த பெட்டி. கொப்பரையையும் எள்ளையும் விவசாயி கடனுக்குத் தரமாட்டார்.