குரூசர் கடைக்கு ஸ்போர்ட் பைக்கோடு போகிறவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரே ஒரு மோட்டார் சைக்கிளுக்காக இரண்டு ஆண்டுகளில் அந்தத் தூரத்தைப் பதினேழு முறை போய் வந்தேன். அதில் பத்து முறையாவது போயிருக்கவே வேண்டாம். அந்தப் பத்தை நீங்கள் மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அப்பா பால்மரம் வெட்டினார். நான் செம்பனை ஆலையில் பதினெட்டு வருடமாக ஃபிட்டர். பழக்குலை ஏற்றும் கன்வேயர் செயினோடுதான் என் பிழைப்பு, அதனால் செயினைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர், 636 சிசி, குனிந்து ஓட்டும் ஸ்போர்ட் பைக், இரண்டாம் கை. வாங்கியது ஒரு குரூசர் கடையில், அதாவது நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாக ஓட்டும் பெரிய மோட்டார்களை விற்கும் கடையில். கடையின் பெயர் வேண்டாம். ஆட்கள் நல்லவர்கள், எனக்கும் அவர்களுக்கும்தான் பொருத்தம் இல்லை.

முதலில் அந்தக் கடை எதை விற்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே போனால் ஏர்கோன், கோப்பி மெஷின், ஒரு சுவர் முழுக்கச் சட்டைகள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள்: குத்தகைக்காரர், டாக்டர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகத் தைப்பிங் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அவர்களுக்கு நல்ல இருக்கை, நல்ல சத்தம், பளபளப்பு, பை மாட்ட இடம், பேச ஆள் இருந்தால் போதும். கடை அதையெல்லாம் அருமையாகக் கொடுக்கிறது. நாம் போய், "ரியர் ஷாக்கில் ரீபவுண்ட் எத்தனை கிளிக்கில் இருக்கிறது?" என்று, அதாவது அமுங்கிய பின் ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக மேலே எழும்படி வைத்திருக்கிறது என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். கோழிக்கடையில் போய் மீன் கேட்ட மாதிரி.

இது ஈப்போவில் மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவில் எரிக் பியூல் என்று ஒருவர். குரூசருக்குப் பேர்போன ஹார்லி-டேவிட்சனில் பொறியாளராக இருந்தவர், 1983-இல் சொந்தமாக ஸ்போர்ட் பைக் நிறுவனம் தொடங்கினார். 1993-இல் அதில் 49 விழுக்காட்டை ஹார்லி வாங்கியது, 2003-இல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் ஃபிரேமுக்குள், எண்ணெய் பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்முக்குள், முன் பிரேக் டிஸ்க் சக்கரத்தின் விளிம்பிலேயே என்று வேறு யாரும் துணியாததையெல்லாம் செய்த மனிதர். ஆனால் அந்த மோட்டார்களை விற்றது ஹார்லி கடைகள். குரோமுக்கும் தோல் சட்டைக்கும் வந்தவனுக்கு அவை தேவையில்லை. ஸ்போர்ட் பைக் தேடுகிறவனுக்கோ அந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவே தோன்றாது. 2009 அக்டோபரில் ஹார்லி அந்தப் பிரிவை மூடிவிட்டது. அந்த நேரத்துப் பொருளாதார நெருக்கடியும் ஒரு காரணம்தான், ஆனாலும் தப்பான கடையில் வைத்த சரக்கு என்றுதான் நான் சொல்வேன். அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே ஒரே கூரைக்குக் கீழ் இரண்டையும் நடத்த முடியவில்லை என்றால், ஈப்போவில் ஆறு பேர் வேலை செய்யும் கடையைக் குறை சொல்லி என்ன பயன்?

அப்புறம் ஏன் அங்கே போக வேண்டும்? விலை. யாரோ ஒருவர் முதுகுவலி தாங்காமல் ஸ்போர்ட் பைக்கைக் கொடுத்துவிட்டு குரூசர் எடுத்துப் போயிருப்பார். அந்த மோட்டார் கடையின் பின்பக்கம் அனாதையாக நிற்கும், எப்போது தொலையும் என்று கடைக்காரர் காத்திருப்பார். என்னுடையது வெளியே கேட்ட விலையைவிட மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) குறைவு. கடன் ஏற்பாடு, இன்சூரன்ஸ், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பெயர் மாற்றம் எல்லாம் அவர்கள் சுத்தமாகச் செய்து கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: பி2 லைசென்ஸ் 250 சிசி வரைக்கும்தான். 600 சிசி ஆசை இருந்தால் முதலில் சிசி வரம்பில்லாத பி ஃபுல் லைசென்ஸ் எடுத்துவிட்டுப் போங்கள்.

பார்க்கப் போகும்போது விற்பனையாள் முதலில் சொல்வது, "உட்காருங்க அண்ணே, கால் தரையில முழுசா படுதா பாருங்க." அது குரூசருக்கான கேள்வி. இசட்எக்ஸ்-6ஆர் இருக்கை 830 மில்லிமீட்டர் உயரம், பாதி பாதம் பட்டாலே போதும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. காலை ஃபுட்பெக்கில் (மிதிக்கட்டையில்) வைத்து, முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். வயிறும் தொடையும் உடம்பைத் தாங்குகிறதா, இல்லை நெஞ்சு டேங்கில் விழுகிறதா? விழுந்தால் கிரிக் மாதிரி தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு கழன்றுவிடும். உடனே எழுந்துவிடாமல் பத்து நிமிடம் அப்படியே இருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அப்புறம் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கீழே குனியுங்கள். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபிரேமில் போய் முட்டுகிற இடம் ஒன்று இருக்கும். அங்கே பள்ளமோ புது பெயின்ட்டோ தெரிந்தால் அந்த மோட்டார் ஒரு நாள் பலமாக விழுந்திருக்கிறது. ஹேண்டில் நுனி, பிரேக் லீவர் நுனி, ஃபுட்பெக் நுனி மூன்றிலும் உரசல் தேடுங்கள். ஃபேரிங்கை, அதாவது வெளிப் பிளாஸ்டிக் உறையை, ஆயிரம் வெள்ளிக்குள் புதிதாக மாட்டிவிடலாம், முட்டும் இடத்தை அப்படி மாற்ற முடியாது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயைத் துணியால் துடைத்து, முன் பிரேக்கைப் பிடித்து நாலு தடவை அழுத்துங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது.

ஸ்டார்ட் செய்து, "சத்தம் ஓகே" என்பார்கள். குரூசர் எஞ்சின் தன் வேலையைச் சில ஆயிரம் சுற்றிலேயே முடித்துவிடும், அவர்கள் காதும் அந்த அளவுக்கே பழகியிருக்கும். இந்த எஞ்சினின் சிவப்புக் கோடு, அதாவது சுற்றின் உச்ச எல்லை, நிமிடத்துக்கு 15,000-ஐத் தாண்டி இருக்கிறது. ஐடிலில் நல்ல பிள்ளையாக இருப்பது ஒன்றையும் சொல்லாது. எஞ்சின் சூடான பிறகு, ஓட்டிப் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது கியரில் 9,000 வரை ஒரு தடவையாவது போக வேண்டும், கியர் நழுவுகிறதா என்று அங்கேதான் தெரியும்.

டயருக்கு வருவோம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். என் மோட்டாரின் டயரில் பூ (மேலே இருக்கும் பள்ளக் கோடுகள்) நிறைய இருந்தது, வயது ஏழு. நம் வெயிலில் ஏழு வருடம் நின்ற ரப்பர், மரப்பட்டை மாதிரிதான். "பூ இருக்கே அண்ணே" என்றார்கள். குரூசர்காரர் நேராக ஓடுகிறவர், அவருக்குப் பூ போதும். சாய்கிறவனுக்கு ரப்பரின் மென்மை வேண்டும். அளவு முன்னால் 120/70, பின்னால் 180/55, இரண்டும் 17 அங்குலம். ஸ்போர்ட் பைக்குகளில் சர்வசாதாரணமான அளவு, ஆனால் அந்தக் கடையின் அலமாரியில் இருந்ததெல்லாம் 16, 18, 19, 21 அங்குலம். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் டயர் கடையிலேயே போய் வாங்கி மாட்டிக்கொண்டேன். காற்று முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. எல்லாவற்றுக்கும் முப்பது அடிக்கும் பழக்கம் நம் ஊர்ப் பெட்ரோல் நிலையத்தில் பலருக்கு உண்டு, சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செயின். முதல் சர்வீசுக்கு அங்கேயே விட்டேன். திரும்பி வரும்போது கீழிருந்து ஒரு முனகல், வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. வீட்டில் நிறுத்தி விரலால் செயினைத் தூக்கிப் பார்த்தேன், வீணைக் கம்பி மாதிரி நின்றது. மறுநாள் பசார் பக்கத்தில் கப்சாய் (சின்ன மோட்டார்) பழுதுபார்க்கும் சீனப் பெரியவரிடம் காட்டினேன். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னார்: "ராந்தாய் தெகாங் சங்காட் லா, தம்பி." செயின் ரொம்ப இறுக்கமாம். அதற்குள் முன் பல்சக்கரத்தின் பின்னால் இருக்கும் சீல் கசிய ஆரம்பித்திருந்தது.

ஏன் அப்படி ஆனது? அந்தக் கடையில் வருகிற குரூசர்களில் பெரும்பாலானவை பெல்ட்டில் ஓடுபவை. பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், கழுவ வேண்டாம், இத்தனை தொய்வு என்ற கவலையும் குறைவு. ஸ்போர்ட் பைக்கில் பின் சக்கரம் மேலும் கீழும் நிறைய நகரும். எஞ்சின் பல்சக்கரம், சுவிங் ஆர்மின் அச்சு, பின் சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் அதிகமாக இறுகும். நிற்கும்போதே இறுக்கமாக இருந்தால் குழியில் இறங்கும்போது அந்த இழுப்பெல்லாம் பேரிங்கில்தான் விழும். எங்கள் ஆலையில் கன்வேயரை யாராவது இப்படி இறுக்கினால் அன்றைக்கே மேனேஜர் அறையில் நிற்க வேண்டியதுதான். எவ்வளவு தொய்வு வேண்டும் என்று சுவிங் ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். சைட் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை உருட்டி, மிக இறுக்கமான இடத்தைத் தேடி, அங்கே அளக்க வேண்டும். 600 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் விடுங்கள். மழையில் நனைந்தாலோ, தோட்டச் செம்மண் ஒட்டினாலோ அன்றைக்கே.

அதிலிருந்து சர்வீசுக்கு விடும்போது வாயால் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன், அவர்களுடைய வேலைச் சீட்டோடு பின் போட்டு. எண்ணெயின் தடிமன் 10டபிள்யூ-40, டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (கிளட்சும் அதே எண்ணெயில் ஓடும் மோட்டாருக்கான தர முத்திரை) என்று இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பெரிய ஹார்லிகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் தனித்தனி எண்ணெய், பெரும்பாலும் 20டபிள்யூ-50 பீப்பாய் கையருகிலேயே இருக்கும். நம்முடையதில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. எழுதாவிட்டால் கைக்கு வந்ததைத்தான் ஊற்றுவார்கள்.

வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்ற சின்னத் தகடுகளை மாற்ற வேண்டும். அந்த விஷயத்தில் நேராகவே கேட்டுவிடுங்கள்: "ஷிம் பெட்டி இருக்கா? கடைசியா எப்ப செஞ்சீங்க?" ஹார்லியின் பெரிய வி-ட்வின் எஞ்சின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர், இடைவெளி தானாகவே சரியாகிக்கொள்ளும். அதில் ஊறிய மெக்கானிக் ஷிம் மாற்றிப் பல வருடம் ஆகியிருக்கலாம். என் மோட்டாருக்கு 24,000 கிலோமீட்டரில் பார்க்க வேண்டும். கேள்விக்குப் பதில் இழுத்தால் அந்த வேலையை ஜப்பானிய மோட்டார் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சஸ்பென்ஷனை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, வீட்டிலேயே அளந்துவிடலாம். நான் கேட்டபோது, "உயரம் குறைக்கணுமா அண்ணே?" என்று பதில் வந்தது. மூன்று பேர் வேண்டும், ஒரு டேப் வேண்டும். பின் சக்கரம் தரையைவிட்டுத் தூக்கியிருக்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே வால்பகுதியில் ஒரு புள்ளிவரை அளங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு, ஓட்டும் நிலையில் உட்கார்ந்து அதே அளவை எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 30 முதல் 35 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 48 வந்தது. நான் 92 கிலோ, டேப் பிடித்த வீட்டுக்காரி சிரித்தாள். பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) ஏற்றி 38-க்குக் கொண்டுவந்தேன், அதற்குமேல் ஸ்பிரிங்கை மாற்றினால்தான் முடியும். அந்தப் பத்து மில்லிமீட்டரிலேயே சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகளில் மோட்டார் வேறு ஆளாகிவிட்டது.

உடுப்பும் அங்கே வேண்டாம். பாதி மண்டையை மூடும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு டேங்க்மேல் குனிந்தால் முன் டயரைத்தான் பார்ப்பீர்கள். சிரிம் தர முத்திரை உள்ள ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் எடுங்கள், கடையிலேயே குனிந்து நின்று கண்ணை உயர்த்திப் பாருங்கள், சாலை தெரிய வேண்டும். ஜாக்கெட்டையும் கையை முன்னால் நீட்டிப் போட்டுப் பாருங்கள். குரூசர் ஜாக்கெட் நிமிர்ந்து உட்காருகிறவருக்கு வெட்டியது, குனிந்தால் கை நாலு விரற்கடை மேலேறிக்கொள்ளும்.

இப்போது என் ஏற்பாடு இப்படி. செயின், பிரேக் பேட், எண்ணெய், சக்கர பேரிங் எல்லாம் பசார் பக்கத்துப் பெரியவர். வாழ்நாள் முழுக்க யமஹா ஆர்எக்ஸ்-இசட்டும் கப்சாயும் பார்த்தவர். அவருக்கு 636 என்பது கொஞ்சம் பெரிய கப்சாய், அவ்வளவுதான். போல்ட் எல்லாம் மில்லிமீட்டர், செயின் செயின்தான். ஏபிஎஸ் இருக்கும் பிரேக்கில் காற்று எடுப்பதையும் ஃபோர்க்கைப் பிரிப்பதையும் அவரே வேண்டாம் என்பார், அது எனக்குப் பிடிக்கும். முன் அச்சை இறுக்க, சரியான அளவுக்கு இறுக்கும் என் டார்க் ரெஞ்சைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், முதலில் முறைத்தார், இப்போது அவரே கேட்டு வாங்குகிறார். குரூசர் கடைக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கவும், பேட்டரி வாங்கவும், கோப்பி குடிக்கவும் போகிறேன். அவசரமாக ஏதாவது அங்கே விட வேண்டி வந்தால் செவ்வாய், புதன் காலைதான். சனிக்கிழமை என்றால், ஞாயிறு ஊர்வலத்துக்கான மோட்டார்கள் வரிசையில் நிற்கும், நம்முடையது கடைசி.

அப்போதும் தாள் போகும். கடைசி வரி பெரிய எழுத்தில், மெக்கானிக் மலாய்க்காரப் பையன் என்பதால் மலாயில்: ராந்தாய் ஜாங்ஙான் செந்தோ. செயினைத் தொடாதே. முதல் தடவை படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். தொடவில்லை.