வாயேஜர் 1 இன்று எவ்வளவு தூரத்தில்? நீங்களே கணக்கிட

வாயேஜர் 1 விண்கலத்தின் தூரத்தை அறிய, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் இணையதளம் போதும். இலவசம், பதிவு தேவையில்லை.

முதலில் 'டார்கெட் பாடி'யில் ‑31 என்று கொடுங்கள். மைனஸ் குறியை விடக் கூடாது. அங்கே விண்கலங்களுக்கெல்லாம் மைனஸ் எண்தான். வாயேஜர் 2க்கு ‑32, நியூ ஹொரைசன்ஸுக்கு ‑98. 'அப்சர்வர் லொகேஷன்' 500@399 என்று இருக்கட்டும், அதாவது பூமியின் மையம். பலர் சறுக்குவது இங்கேதான்: 500@10 கொடுத்தால் வருவது சூரியனிலிருந்து தூரம். 'டேபிள் செட்டிங்ஸ்'ஸில் 1, 20, 21 மூன்றையும் தேர்ந்தெடுங்கள். முறையே வானில் இருக்கும் திசை, தூரமும் அது மாறும் வேகமும், ஒளி வந்துசேர ஆகும் நேரம்.

தூரம் 'டெல்டா' என்ற பத்தியில் வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரி தூரம் ஒரு அலகு) வரும். அதை 499ஆல் பெருக்கினால் ஒளி வர ஆகும் விநாடிகள். 170 அலகு என்றால் 84,830 விநாடி, அதாவது 23 மணி 34 நிமிடம். ஒளிநேரப் பத்தி நிமிடத்தில் இருக்கும்; 1,414க்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு சரி. தொலைதூர விண்கலங்களோடு தொடர்புகொள்ளும் நாசாவின் ஆண்டெனா அமைப்பான டீப் ஸ்பேஸ் நெட்வொர்க்கின் இணையப் பக்கத்தில் இதைப் போல இரு மடங்கு தெரிந்தால் பதற வேண்டாம். அது போய்த் திரும்பும் நேரம்.

தேதியை ஒரு வருடத்துக்கு, ஒரு நாள் இடைவெளியில் ஓட்டிப் பாருங்கள். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை தூரம் குறையும்! தவறு எதுவும் இல்லை. வாயேஜர் 1 சூரியனை விட்டு விநாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் விலகுகிறது, பூமியோ 30 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. கலம் போகும் திசை பூமியின் சுற்றுத்தளத்துக்கு 35 டிகிரி மேலே இருப்பதால், அந்த 30இல் அதிகபட்சம் 24தான் அதன் பக்கம் சேரும். எனவே மார்ச் 10 வாக்கில், தூரம் மாறும் வேகத்தைக் காட்டும் 'டெல்டாட்' பத்தியில் மைனஸ் 7, 8 என்று இருக்கும். செப்டம்பரில் அதுவே 41ஐத் தொடும். ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து 'வருடத்துக்கு இவ்வளவு' என்று பெருக்கினால் விடை தாறுமாறாகும். அடுத்தடுத்த வருடங்களின் ஒரே தேதியைக் கழியுங்கள்: சுமார் 3.6 அலகு கிடைக்கும்.

திசை ஒஃபியூக்கஸ் விண்மீன் குழுவில், வான நடுவரைக்கோட்டுக்கு (பூமியின் நடுவரைக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) ஏறத்தாழ 12 டிகிரி வடக்கே. சென்னையின் அட்சரேகை 13 என்பதால் ஜூன் முதல் பாதியில் நள்ளிரவுக்கு அந்த இடம் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அருகிலுள்ள ராசல்கெத்தி விண்மீனை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். கலம் எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாது.

அதன் ரேடியோவைக் கேட்க மொட்டைமாடி டிஷ் உதவாது. அனுப்பும் திறனே 20 வாட் சொச்சம். 2024 டிசம்பரில் நெதர்லாந்தின் ட்விங்கலூவில் 25 மீட்டர் டிஷ்ஷில் அலையைப் பிடித்தார்கள். அதற்கும் இந்த 'டெல்டாட்' கணக்கு வேண்டியிருந்தது: 8.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 41 கி.மீ. என்றால் அலைவரிசை 1.1 மெகாஹெர்ட்ஸுக்கும் அதிகமாகக் கீழே நழுவிவிடும்.