கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள்

14 வருடங்களில் 9 வீடு மாறியிருக்கிறேன். போன மாதம், என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி மாற்றலாகிப் போகும் ஊருக்காகப் போட்டு வைத்திருந்த மாதக் கணக்கைக் காட்டினான். வாடகை, பள்ளிக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் வரி வரியாக இருந்தது. கரண்ட், தண்ணீர், கேஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொகை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "இப்போ அங்கே குடியிருக்கிறவர்கிட்ட கேட்டேன் அக்கா, போன மாசம் இவ்வளவுதான் வந்ததாம்" என்றான். பல வருடம் முன்பு நானும் அதே கேள்வியைக் கேட்டு, அதே மாதிரி ஒரு தொகையை எழுதிக்கொண்டு போனவள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விளக்கை அணையுங்கள், குழாயை மூடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். வீடு பார்க்கும்போதே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

ஒரு பில்லை வைத்து ஒரு வருடத்தைக் கணக்குப் போடுவது

எனக்கு அதிகம் செலவு வைத்த தவறு இது. நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருந்தவர் நல்ல மனிதர். கேட்டதும் பில்லை எடுத்துக் காட்டினார். சின்னத் தொகை. அதைப் பன்னிரண்டால் பெருக்கினேன். மிச்சமாகும் என்று தோன்றியதை வாடகைக்குக் கூட்டி, எங்களால் முடிந்த எல்லை வரை போய் 2 வருட ஒப்பந்தம் போட்டோம். மூன்றாவது மாதம் வந்த பில் நான் எழுதி வைத்திருந்ததைப் போல ஏழு மடங்குக்கு மேல் இருந்தது. ஏசி கெட்டுவிட்டது என்று ஆள் வைத்துப் பார்த்தேன். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று பணம் கட்டிச் சோதிக்க வைத்தேன். இரண்டிலும் ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் அந்த வீட்டின் பழைய பில்களை வாங்கி வரிசையாக அடுக்கினேன். அவர் எனக்குக் காட்டியது 12 மாதங்களில் மிகக் குறைந்த பில். வெயிலும் இல்லாத, குளிரும் இல்லாத மாதம் அது. அவர் தனி ஆள், பகல் முழுக்க வெளியில் இருப்பவர். நாங்கள் நான்கு பேர். வீடோ மேல் மாடி, மேற்குப் பார்த்த சன்னல்கள். சாயங்கால வெயில் சுவரைச் சுட்டு, ராத்திரி வரை அறைக்குள் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. அந்தத் தப்புக்கு 2 வருடம் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம்.

தொகையைக் கேட்காதீர்கள், யூனிட்டைக் கேளுங்கள். ஒரு மாதத்தை அல்ல, 12 மாதத்தையும் கேளுங்கள். பல ஊர்களில் பில்லிலேயே பழைய மாதங்களின் அளவு அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் குடியிருப்பவரின் இணையக் கணக்கில் இருக்கும். இரண்டு நிமிட வேலை. ரீடிங் உண்மையாக எடுத்ததா, வீடு பூட்டியிருந்ததால் உத்தேசமாகப் போட்டதா என்பதையும் பாருங்கள். உத்தேச பில்லின் பாக்கி அடுத்த பில்லில் சேர்ந்து வரும்.

யூனிட் கையில் வந்த பிறகு செய்ய வேண்டியதுதான் முக்கியம். பழக்கம் நம்மோடு வருகிறது, பருவம் அந்த ஊரில் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இப்போது இருக்கும் வீட்டில் உங்களுடைய மிகக் குறைந்த மாதத்தை எடுங்கள். 110 யூனிட் என்று வையுங்கள். ஃபிரிட்ஜ், விளக்கு, துணி துவைப்பது, சமையலறை எல்லாம் சேர்ந்த உங்கள் அடிப்படைச் செலவு அது. எங்கே போனாலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். புது வீட்டின் மிகக் குறைந்த மாதம் 90 யூனிட், மிக உயர்ந்த மாதம் 340 யூனிட் என்றால், இடையில் இருக்கும் 250 யூனிட் அந்த ஊரின் வெயிலோ குளிரோ கேட்பது. உங்கள் 110 உடன் அதைக் கூட்டினால் உச்ச மாதத்துக்கு 360 யூனிட். ஆட்கள் அதிகம், பகலிலும் வீட்டில் இருப்பார்கள் என்றால் அந்த 250 இன்னும் ஏறும்.

இதோடு நிறுத்தினாலும் ஏமாந்துபோவோம், ஏனென்றால் பல இடங்களில் விலை படிப்படியாக ஏறும். முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 1, அடுத்த 100க்கு 2, அதற்கு மேல் 3 என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 110 யூனிட்டுக்கு 120 வரும். 360 யூனிட்டுக்கு 780 வரும். யூனிட் மூன்றேகால் மடங்குதான் ஏறியது, பில் ஆறரை மடங்கு ஏறிவிட்டது. அடுத்தவருடைய பில் தொகையை நம் தலைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் சரியாக வராது என்பதற்குக் காரணம் இதுதான். புதுப் பகுதியின் கட்டணப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, நம் யூனிட்டை நாமே அதில் போட்டுப் பார்க்க வேண்டும். பில் மாதாமாதம் வருகிறதா, இரண்டு மாதத்துக்கு ஒரு முறையா என்பதையும் அப்போதே பாருங்கள். முதலில் சொன்ன அந்தத் தம்பி இரண்டு மாத யூனிட்டை ஒரு மாதப் படிகளில் போட்டுவிட்டு, பயந்துபோய் வீட்டையே வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான்.

மீட்டர் யாருடையது என்று பார்க்காமல் விடுவது

தனி மீட்டரா, ஒரே மீட்டரில் இரண்டு குடும்பமா? மேலே சொன்ன அதே படிகளில் பாருங்கள். இரண்டு வீடும் தலா 180 யூனிட், தனித்தனி மீட்டர் என்றால் ஆளுக்கு 260. ஒரே மீட்டரில் ஓடினால் மொத்தம் 360 யூனிட், பில் 780, ஆளுக்கு 390. ஒரு யூனிட்கூட அதிகம் எரிக்காமல் ஒன்றரை மடங்கு கட்டுகிறோம். சப்-மீட்டர் வைத்திருக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால், யூனிட்டுக்கு என்ன விலை வாங்குகிறார் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கிணற்று மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் யார் மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். எனக்கும் இருந்தது. முதல் நாள் கேட்டுவிட்டால் பிறகு சண்டை வராது.

சுடுதண்ணீரை மறப்பது

குளிர்ந்த பகுதிக்குப் போகிறவர்கள் அறையைச் சூடாக்கும் செலவை நினைக்கிறார்கள், குழாயில் வரும் தண்ணீரின் குளிர்ச்சியை நினைப்பதில்லை. 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 1.75 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே தண்ணீர் 10 டிகிரியில் வந்தால் 3.5 யூனிட். வாளி அதேதான், குளியல் அதேதான், செலவு இரட்டிப்பு. தொட்டியிலேயே சேமித்துச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டர் என்றால், யாரும் குளிக்காத நேரத்திலும் தொட்டியின் சூடு மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். அதையும் மின்சாரம்தான் ஈடுகட்டும். வீடு பார்க்கும்போது ஹீட்டர் எந்த வகை, எதில் ஓடுகிறது, எவ்வளவு பழையது என்று பாருங்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே பெரும்பாலும் வாட் அளவு இருக்கும். 2000 வாட் ஹீட்டர் விடாமல் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

தண்ணீர்க் கட்டணத்தை மட்டும் எழுதிக்கொள்வது

மீட்டர் வைத்த இடங்களில் தண்ணீரை 1000 லிட்டர் கணக்கில் அளப்பார்கள். பல நகரங்களில் கழிவுநீர்க் கட்டணத்தையும் அதே அளவை வைத்துத்தான் போடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வாளி தண்ணீருக்கு இரண்டு தடவை கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கழிப்பறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகினால் அதுவும் இரண்டு கணக்கிலும் ஏறும். வீடு பார்க்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் முள் நகர்கிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பார்ப்பேன். இரண்டு வீடுகளில் நகர்ந்தது.

நிலைக் கட்டணம்

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வரும். யூனிட் கணக்கோடு தனியாகக் கூட்டுங்கள்.

"எல்லாம் வாடகையில் அடக்கம்"

எத்தனை யூனிட் வரை என்று ஒப்பந்தத்தில் எண் இல்லாவிட்டால் நம்ப வேண்டாம்.

இணையம்

அந்தத் தெருவில் அல்ல, அந்தக் கட்டடத்தில் எந்த இணைப்பு இருக்கிறது என்று கேளுங்கள்.

முதல் மாதத்தையும் மாதச் செலவில் சேர்ப்பது

இணைப்பு மாற்றும் கட்டணம், டெபாசிட், கேஸ் இணைப்பு, ஹீட்டர் பொருத்தும் கூலி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அதைத் தனித் தாளில் எழுதுங்கள். அடுத்த டெபாசிட்டை இந்த வீட்டு டெபாசிட்டில் கட்டிவிடலாம் என்று நினைக்க முடியாது. பழைய வீட்டில் கடைசி பில் முடிந்த பிறகுதான் திரும்பக் கொடுப்பார்கள், அதற்குள் புது வீட்டில் கட்டியாக வேண்டும்.

அப்புறம், சாவி வாங்கும் அன்று சாமான் இறங்குவதற்கு முன்னால் கரண்ட், தண்ணீர், கேஸ் மூன்று மீட்டர்களையும் ரீடிங்கும் மீட்டரின் வரிசை எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, அதே நிமிடத்தில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் தம்பியின் புது வீட்டில், முன்பு இருந்தவர் காலி செய்தபோது எழுதிக்கொடுத்த ரீடிங்குக்கும் அவன் சாவி வாங்கிய அன்று மீட்டரில் இருந்ததற்கும் 64 யூனிட் வித்தியாசம். இடையில் வெள்ளையடித்தவர்கள் எரித்தது அது. படம் கையில் இருந்ததால் வீட்டுக்காரரே கட்டிவிட்டார்.