பி.எஸ்சி. நர்சிங் சேரணுமா? ரிசல்ட்டுக்கு முன்னாலேயே வேலையை ஆரம்பிங்க

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அரசு கலந்தாய்வு வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர நீட் தேவையில்லை, பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. ஜிப்மருக்கும் ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் மார்க் வேண்டும், எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, வேலூர் சி.எம்.சி.யும் போரூர் ராமச்சந்திரா மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியாக விண்ணப்பம் வாங்குவார்கள். ஆனால் சென்னையில் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு முதல் கதவு கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி தேர்வுக் குழுதான். பாராமெடிக்கல் பட்டப் படிப்புகளுக்கு அவர்கள் வாங்கும் ஆன்லைன் விண்ணப்பத்திலேயே நர்சிங்கும் வந்துவிடும்.

நான் இந்த ஊரில் இருபது வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தெருவில் யாராவது ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். மார்க் ஷீட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் முதலில் கேட்பது சாதிச் சான்றிதழை. மார்க் குறைந்து சீட் போனவர்களை விட, கையில் இருக்க வேண்டிய காகிதம் இல்லாமல் நல்ல சீட்டை விட்டவர்களைப் பார்த்ததுதான் எனக்கு அதிக வருத்தம்.

சரி, கட்-ஆஃப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும், உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அறிவியல் பாடங்களில் மொத்தம் 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. ஆங்கிலத்தில் பாஸ் ஆகியிருக்க வேண்டும். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கட்-ஆஃப் 200-க்குப் போடுவார்கள்: உயிரியல் முழு நூறு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. ஒரு பெண் உயிரியலில் 88, இயற்பியலில் 74, வேதியியலில் 80 வாங்கியிருக்கிறாள் என்றால் 88-உடன் 37, 40 சேர்த்து 165. கணக்குப் பாடம் இதில் வராது, தமிழும் வராது. உயிரியலில் விட்ட ஒரு மார்க் இயற்பியலில் விட்ட இரண்டு மார்க்குக்குச் சமம், இப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்போது சான்றிதழ்கள், இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், இந்த நான்கும் உங்களுக்குப் பொருந்துமா என்று பிப்ரவரி, மார்ச்சிலேயே பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வர வேண்டும், ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே அங்கே வரிசையில் நிற்கும். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் உங்களைப் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள், 69 சதவீத இட ஒதுக்கீடு இருந்தும் உங்களுக்குப் பயன் இல்லாமல் போய்விடும்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவர்களின் டி.சி. அல்லது படிப்பு விவரமெல்லாம் கேட்பார்கள். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தக் கல்விக் கட்டணச் சலுகை, அதுவும் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால்தான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு பெற்றோர் வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன். அதற்குப் பள்ளியில் போனஃபைட், அதாவது அங்கே படித்ததற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். ஸ்கூல் மாறியிருந்தால் பழைய ஸ்கூலுக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும், அதனால் லீவு தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

போன வருடம் எங்கள் கீழ் வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் என் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் இனிஷியல் எஸ், இன்னொன்றில் கே.எஸ். அப்பா பெயர் ஒன்றில் செல்வம், ஆதாரில் செல்வராஜ். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா அக்கா?" என்று கேட்டாள். பிரச்சினைதான், சான்றிதழ் சரிபார்ப்பில் இங்கேதான் நிறுத்துவார்கள். நல்லவேளை அப்போது ஏப்ரல்தான், மாற்றி வாங்க நேரம் இருந்தது. நீங்களும் இன்றைக்கே எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.

அப்புறம், விண்ணப்பம் திறந்திருக்கும் நாட்கள் குறைவு, கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் மெயிலையும் கொடுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு, கலந்தாய்வுக்கான ஓ.டி.பி. அவருக்குப் போய் அலைந்தவர்கள் உண்டு. ரேங்க் வந்த பிறகு கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, அரசுக் கல்லூரிகளை மேலே வையுங்கள். சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே, பொது மருத்துவமனையை ஒட்டிய அரசு நர்சிங் கல்லூரி எல்லாருக்கும் ஆசை. 1871-லேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிய ஆஸ்பத்திரி அது, அங்கே ஒரு வாரம் வார்டில் நின்றால் கற்றுக்கொள்வது வேறு இடத்தில் ஒரு மாதத்தில் கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் செங்கல்பட்டு, சேலம், மதுரை என்று வெளியூர் அரசுக் கல்லூரிகளையும் போடுங்கள். வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் அப்பாக்களுக்கு ஹாஸ்டல் செலவையும் தனியார் கல்லூரி ஃபீஸையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் மூன்று இடத்தில் பெயர் இருக்க வேண்டும்: கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலில், தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில், இந்திய நர்சிங் கவுன்சிலில். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் முதலாவது பொருந்தாது, மற்ற இரண்டையும் பாருங்கள். அப்புறம் நேரில் போய் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். புதிதாகத் தொடங்கும் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது கவுன்சில் விதி. கட்டிடமும் ஏ.சி. வகுப்பும் பார்த்து மயங்காதீர்கள், காலை ஏழு மணிக்குப் போய் யூனிஃபார்மில் பஸ் ஏறும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் "எந்த வார்டுக்குப் போறீங்க, எத்தனை பேஷன்ட் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் முகத்திலேயே பதில் தெரியும்.

ஏஜென்ட் விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் "சீட் பிளாக் பண்ணணும்" என்று கேட்ட ஒருவரிடம் ஒரிஜினல் சான்றிதழ்கள் அத்தனையையும் கொடுத்துவிட்டது. கலந்தாய்வில் அந்தப் பெண்ணுக்கு அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் காகிதங்களைத் திரும்ப வாங்குவதற்குள் சேர வேண்டிய கடைசி நாள் தாண்டிவிட்டது. அவள் அழுததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தயவுசெய்து ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுக் கையோடு எடுத்து வாருங்கள். பத்து செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், ஒரிஜினலை ஸ்கேன் செய்து அம்மா போனிலும் ஒரு காப்பி போடுங்கள்.

டிகிரி சீட் இந்த வருடம் கிடைக்கவில்லை என்றால் மூன்று வருட நர்சிங் டிப்ளமோ இருக்கிறது, முடித்துப் பதிவு செய்த பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். என்னுடன் வேலை பார்க்கும் பல நல்ல சிஸ்டர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

இன்னொன்று, காத்திருக்கும் நாட்களிலேயே ஹெபடைடிஸ் பி ஊசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வார்டுக்கு அனுப்புவார்கள், அதற்குள் இரண்டு டோஸாவது முடிந்திருந்தால் நல்லது. போட்ட தேதி எழுதிய அட்டையையும் அதே ஃபைலில் வையுங்கள்.