பசுமைக்குடிலில் வெள்ளை ஈ: வேப்பெண்ணெயில் நான் சறுக்கிய இடம்

தக்காளிச் செடியைச் சும்மா அசைத்தேன். மாவைத் தூவியது போல வெள்ளை ஈக்கள் குப்பென்று கிளம்பின. இரண்டு மாதம் அதனுடன் மல்லுக்கட்டிய பிறகு எழுதுகிறேன்.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். மற்ற கருவிகளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அடிப்பக்கம் செதில் போல ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் வெள்ளை ஈயின் குஞ்சு. ஊர்ந்து திரியும் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் செம்பேன். குடிலின் வறண்ட சூடு அதற்குக் கொண்டாட்டம். எறும்பு வரிசையாக ஏறினால் அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சியைத் தேடுங்கள். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடும்.

அதிகம் தாக்கிய இலைகளைக் கிள்ளி, பையில் கட்டி உடனே வெளியேற்றுங்கள். களையையும் பிடுங்கிவிடுங்கள்.

மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் நுனி உயரத்தில் தொங்கவிடுங்கள். அட்டை நிறைய ஈ ஒட்டியதும் வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். பறக்கிற ஈ மட்டும்தான் அதில் மாட்டும். ஈ கூடுகிறதா குறைகிறதா என்று கணக்குப் பார்க்கத்தான் அது.

சரி, வேப்பெண்ணெய். 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி ஊற்றி, குலுக்கி, அடித்தேன். எண்ணெய் மேலே மிதந்தது. தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர்தான் போனது. கடைசியில் வந்த தனி எண்ணெய் வாங்கிய நான்கு செடிகளின் இலைகள் கருகின. ஈக்கு ஒன்றும் ஆகவில்லை!

முறை இதுதான்: சிறு கிண்ணத்தில் 5 மில்லி எண்ணெயையும் 2 மில்லி திரவ சோப்பையும் முதலில் குழையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். பால் போல வெளுத்து, மேலே எண்ணெய் வளையம் தெரியாமல் இருந்தால்தான் சரி. பிறகு 1 லிட்டராக்குங்கள். துணி துவைக்கும் தூள் வேண்டவே வேண்டாம், இலையைச் சுட்டுவிடும். கலவை அன்றைக்கே தீர வேண்டும்.

இரண்டு மூன்று இலைகளில் அடித்து ஒரு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு, அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையும்படி அடியுங்கள். முனை மேல்நோக்கி வளைந்த தெளிப்பான்தான் என் தேர்வு. நேர் முனையை வைத்துக்கொண்டு குனிந்தே இடுப்பு போய்விடும்.

ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள். முட்டைகள் தப்பித்துவிடும். முட்டையிலிருந்து ஈயாக, வெதுவெதுப்பான குடிலில், சுமார் மூன்று வாரம். அதனால் 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை, நான்கு தடவையாவது அடியுங்கள். கூடவே காற்றோட்டத் திறப்புகளில் நுண்வலை கட்டுங்கள். அகன்ற கண்ணுள்ள கொசுவலை வழியாக வெள்ளை ஈ ஹாயாக உள்ளே வரும்.

பின்சேர்க்கை 1: எண்ணெய் கட்டியாகிவிட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். குளிரில் வேப்பெண்ணெய் உறையும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வையுங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம்.

பின்சேர்க்கை 2: செதில்களில் சில கறுத்துப் போயிருக்கின்றன, நோயா என்று ஒருவர் கேட்டிருந்தார். பசுமைக்குடில் வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் என்கார்சியா என்ற துளிக் குளவியின் வேலையாக இருக்கலாம். 1926இல் இங்கிலாந்தில் தக்காளி வளர்த்த ஒருவர் இந்தக் கறுப்புச் செதில்களைக் கவனித்ததிலிருந்துதான் அதைக் குடில்களில் வளர்த்து விடும் பழக்கம் பிடித்தது. கறுப்பு தெரிந்தால் தெளிப்பதை நிறுத்துங்கள், மஞ்சள் அட்டையைக் குறையுங்கள். கிள்ளச் சொன்னேனே, அந்த இலைகளையும் ஒரு முறை லென்ஸில் பார்த்துவிட்டுக் கிள்ளுங்கள்.