ஃபுல்பேக் ஆட வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நாட்களில் ஒரு சிறிய அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் நான் ஃபுல்பேக்காக, அதாவது பின்வரிசை ஓட்டக்காரராக ஆடினேன். இப்போது சனிக்கிழமை காலையில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். அன்று நான் செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை. பந்தை நழுவவிடுவது, சிக்னலுக்கு முன்பே அசைந்துவிடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பந்து கிடைக்கும் என்று வருவது

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜிம் பிரவுன் 1957 முதல் 1965 வரை ஒன்பதே சீசனில் 12,312 யார்டு ஓடினார். அவரும் ஃபுல்பேக்தான். அந்தக் காலம் போய்விட்டது. இன்று பல ஆட்டங்களில் ஃபுல்பேக் பந்தைத் தொடுவதே இல்லை. பின்னால் பந்தோடு வரும் டெயில்பேக்குக்கு வழி திறந்துவிடுவதுதான் வேலை. நான் பையன்களுக்குக் காட்டுவது ஃபுல்பேக் லொரென்சோ நீலை. 1997 முதல் 2007 வரை தொடர்ந்து 11 சீசன், ஐந்து அணிகளில், அவர் வழி திறந்துவிட்ட ஓட்டக்காரர் ஒருவர் 1,000 யார்டைத் தாண்டினார். 2006-இல் லடேனியன் டாம்லின்சன் 31 டச்டவுன் எடுத்து சாதனை படைத்தபோதும் முன்னால் ஓடியவர் நீல்தான்.

எதிராளி நிற்கும் இடத்தை நோக்கி ஓடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

வலப்பக்கம் போகும் ‘பவர்’ என்ற ஓட்ட உத்தியை எடுத்துக்கொள்வோம். வலது ஓரத்தில் நிற்கும் எதிரணித் தடுப்பாளரான டிஃபென்சிவ் எண்டை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டியவர் ஃபுல்பேக். நம் முன்வரிசையில் இடப்பக்கம் நிற்கும் கார்டு சுற்றி வந்து அந்த இடைவெளியில் நுழைவார், அவர் பின்னால் டெயில்பேக். புதிதாக வருபவர், எண்ட் எங்கே நிற்கிறாரோ அங்கே குறிவைத்து வளைந்து ஓடுகிறார். ஆனால் பந்து கிளம்பிய நொடியிலேயே எண்ட் ஓரடி உள்ளே நகர்ந்துவிட்டார். இவர் வெளியிலிருந்து போய் மோதினால் அவரை இன்னும் உள்ளேதான் தள்ள முடியும். திறக்க வேண்டிய கதவை நாமே சாத்துகிறோம்.

எங்கள் கடைசி சீசனில் ஒரு ஆட்டம். நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, ஒரு யார்டு போதும். நான் அகலமாகப் போனேன். எண்ட் என் மார்புக்குக் குறுக்கே நழுவி உள்ளே போய், டெயில்பேக்கைக் கோட்டுக்குப் பின்னாலேயே பிடித்துவிட்டார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. அடுத்த நாள் வீடியோவில் பயிற்சியாளர் என் முதல் இரண்டு அடிகளை மட்டும் பத்து முறை ஓட்டிக் காட்டினார். மோதலில் தவறில்லை, பாதையில்தான் தவறு.

சரி, எப்படிப் போவது? கார்டுக்கு வெளிப்பக்கம் நிற்கும் நம் டேக்கிளின் முதுகை உரசுவதுபோல ஒட்டி ஓட வேண்டும். அப்போது எப்போதும் உள்ளிருந்து வெளியே போகும் கோணம் கிடைக்கும். கண் எண்டின் உள்பக்க இடுப்பில் இருக்கட்டும். மோதுவது வலது தோளால், தலை எண்டுக்கும் இடைவெளிக்கும் நடுவில். இத்தனைக்குப் பிறகும் எண்ட் உள்ளே நெருக்கி வந்துவிட்டால், அவரோடு மல்லுக்கட்டாமல் அங்கேயே அடைத்துவிட வேண்டும். டெயில்பேக் வெளியே சுற்றிக்கொள்வார். இதை நடக்கும் வேகத்தில் நூறு முறை செய்து பார்க்காமல் முழு வேகத்துக்குப் போகாதீர்கள்.

திரும்பிப் பார்ப்பது

பின்னால் வருபவர் வருவார். நீங்கள் முன்னால் பாருங்கள்.

பந்து கொடுக்காவிட்டால் தளர்வது

ஆர்மி, நேவி கல்லூரி அணிகள் பேர்பெற்ற டிரிபிள் ஆப்ஷன் என்ற மூன்று வாய்ப்பு உத்தியில் முதல் வாய்ப்பே ஃபுல்பேக்கின் நேர் ஓட்டம். பந்தை வாங்கிக் கொடுக்கும் குவார்ட்டர்பேக் அதைக் கடைசி நொடியில் இழுத்துக்கொண்டாலும், அது வயிற்றில் இருப்பதுபோலவே குனிந்து முழு வேகத்தில் புக வேண்டும். உங்களைப் பிடிக்க எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளரான லைன்பேக்கர் ஒருவர் வந்தால், அவரை பிளாக் செய்த, அதாவது வழிமறித்த மாதிரிதான்.

கைகளை மறப்பது

ஹார்வர்டில் படித்து வந்த கைல் யூஸ்செக், சான் பிரான்சிஸ்கோ 49ers அணியில் பிளாக் செய்வதோடு பாஸும் பிடிக்கிறார். ஃபுல்பேக்கே வைத்துக்கொள்ளாத அணிகள் பெருகிவிட்ட காலத்தில் இதைக் கவனிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் ஐம்பது பந்து பிடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தலையைக் குனிந்து மோதுவது

கழுத்து போய்விடும். என் பயிற்சியில் ஒருமுறை செய்தால் அன்று முழுக்க வெளியேதான் உட்கார வேண்டும்.